போர் விமானிப் பயிற்சியும் இடனறிதலும்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வலிமையும் காலமும் வாய்த்திருப்பினும் இடம் பொருந்தாவிடின் வினை கைகூடாது என்பது அவ்வரிசை உணர்த்தும் கருத்து. போர் விமானிகளைப் பயிற்றுவிக்கும் தளத்தைத் தெரிவு செய்வதில் இன்றைய அரசுகள் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாணவர் கட்டுரைகளில் வான்வெளியும் விண்வெளியும் ஒன்றற்கு ஒன்றாக வருவதைக் காண்கிறோம். விமானங்கள் பறக்கும் காற்று மண்டலப் பகுதி வான்வெளி. அதற்கு அப்பாற்பட்டது விண்வெளி. ஒரு நாட்டின் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வான்வெளி அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. விமானத் தளம் என்பதோ ஓடுபாதை, கொட்டகை, எரிபொருள் கிடங்கு, குடியிருப்பு ஆகிய யாவும் அடங்கிய வளாகம். தளம் நிலத்தில் இருந்தாலும் அதன் பயன், அதையொட்டி எவ்வளவு வான்வெளி கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூர் இதற்கு மிகச் சிறந்த சான்று. அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர். கிழக்கு மேற்காக அதன் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டரைக் கடந்துவிடும். அவ்வேகத்தில் சிங்கப்பூரை மூன்றரை நிமிடத்துக்குள் கடக்கலாம். செர்காமிலிருந்து பத்து பெரண்டாம் விமான நிலையத்தை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் அடையலாம். இத்தகைய விமானத்தைத் திருப்பவும் மற்றொன்றைத் துரத்தவும் பழக வேண்டிய இளைஞருக்கு அச்சிறு தீவின் வானம் போதாது. சாங்கி விமான நிலையத்தின் பயணிகள் விமானங்களும் அதே வானத்தையே பயன்படுத்துகின்றன.

ஆகவே சிங்கப்பூர் பிற நாடுகளின் வானத்தை நாடியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் 1993 முதலும், தென்மேற்குப் பிரான்சின் கசோ தளத்தில் 1998 முதலும் அதன் விமானிகள் பயின்று வருகின்றனர். இந்தியாவின் கலைக்குண்டா தளத்தைப் பயன்படுத்த 2007இல் உடன்பாடு ஏற்பட்டது. அந்நாடு வாங்கவிருக்கும் 20 எஃப்-35 போர் விமானங்களுக்குரிய பயிற்சி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள எபிங் தளத்தில் நடைபெறும் என 2023 மார்ச்சில் உறுதி செய்யப்பட்டது.

இடத்தைத் தெரிவு செய்வோர் ஆராயும் கூறுகளை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, பயிற்சி வான்வெளியின் பரப்பும் அண்மையும். ஒரு மணி நேரப் பறப்புக்கே எரிபொருள் உள்ளது எனக் கொள்வோம். பயிற்சிப் பகுதி 20 நிமிடத் தொலைவில் இருப்பின், போய்வரவே 40 நிமிடம் கழிந்துவிடும். கற்பதற்கு எஞ்சுவது 20 நிமிடமே.

இரண்டாவது, வானிலை. நம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. பறப்பு அடிக்கடி தடைப்பட்டால் பயிற்சிக் காலம் நீளும்; பழகிய திறனும் மங்கும்.

மூன்றாவது, ஓடுபாதையும் மாற்றுத் தளமும். மழையோ விபத்தோ ஓர் ஓடுபாதையை அடைத்துவிட்டால், எரிபொருள் தீர்வதற்குள் இறங்க வேறோர் ஓடுபாதை அருகில் இருத்தல் வேண்டும். பறவைகள் மிகுதியாகக் கூடும் சதுப்பு நிலமும் குப்பை மேடும் அருகில் இருத்தல் ஆகாது.

நான்காவது, மக்கள். ஜெட் விமானத்தின் பேரொலி வகுப்பறையையும் மருத்துவமனையையும் தாக்கும். விபத்து நேர்ந்தால் வீடுகள்மீது விழும். ஆனால் ஆளரவமற்ற இடத்தைத் தேடிச் சென்றால், பயிற்றுநரின் குடும்பங்களுக்குப் பள்ளியும் மருத்துவ வசதியும் கிடைப்பது அரிதாகும்.

இக்கூறுகள் ஒன்றோடொன்று முரண்படுதல் இயல்பு. எபிங் தளம் ஃபோர்ட் ஸ்மித் நகர விமான நிலையத்தோடு இணைந்தது. எனவே நகர வசதிகள் உண்டு; அதனாலேயே ஒலியின் சுமை நகரத்தார்மீது விழுகிறது. முடிவுக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வெளியிடப்பட்டுப் பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. பயிற்சியின் பயனை அடைவோர் சிங்கப்பூர், போலந்து முதலிய நாட்டினர். ஒலியைத் தாங்குவோர் ஆர்கன்சா மக்கள். தளம் கொண்டுவரும் வேலைவாய்ப்பு அச்சுமைக்கு ஈடாகுமா என்பதை அங்கு வாழ்வோரிடம் கேட்காமல் முடிவு செய்தல் நேர்மையாகாது.

பிறர் வானத்தைச் சார்ந்திருத்தலிலும் இடர் உண்டு. 1998 செப்டம்பரில் மலேசியா, தன் வான்வெளியில் சிங்கப்பூர் ஆகாயப் படைக்கு அளித்திருந்த பறப்பு வசதிகளை விலக்கிக்கொண்டது. உரிமையாளர் தந்த இசைவை உரிமையாளரே திரும்பப் பெறலாம். ஒரே நாட்டை நம்பாமல் பல நாடுகளில் பயிற்சியைப் பகிர்ந்தமைத்தல் இவ்விடரைக் குறைக்கும் வழியாகும்.

பரந்த நாடுகள் வேறு வகையில் திட்டமிடுகின்றன. இந்தியா தொடக்கப் பயிற்சியைத் துண்டிகலிலும், ஹாக் ஜெட் பயிற்சியைப் பீதரிலும், பயிற்றுநர்க்கான பயிற்சியைத் தாம்பரத்திலும் அமைத்துள்ளது. அரச மலேசிய ஆகாயப் படை தன் தொடக்கப் பயிற்சியை அலோர் ஸ்டாரில் நடத்துகிறது. ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய வேகம் வேறு. ஆதலின் உரிய இடமும் வேறு.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பில் விவாதமாக அமைக்கலாம். மலேசிய வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கச் செய்து, ஒரு குழுவை விமானிகளாகவும், ஒரு குழுவைப் பொறியாளராகவும், ஒரு குழுவை அவ்வூர் மக்களாகவும் பேசச் செய்யலாம். மூன்றாம் குழுவுக்கும் மற்றவர்க்கு அளித்த நேரத்தையே அளித்தல் வேண்டும்.