எலும்பின் முனையில் ஒரு தட்டு

இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டார். இரண்டு மாதம் கழித்து எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே அதே அரை அங்குலம்தான். 1727இல் வெளிவந்த அவரது நூல் இதைச் சொல்கிறது. எலும்பு நடுவில் நீள்வதில்லை, முனைகளில்தான் வளர்கிறது.

அந்த முனையில் இருப்பது வளர்ச்சித் தட்டு: சில மில்லிமீட்டர் கனமுள்ள குருத்தெலும்பு. நாணயங்களை அடுக்கியதுபோலச் செல்கள் அதில் வரிசையாக நிற்கும். மூட்டுப் பக்கம் பெருகிக்கொண்டே வரும்; மறுபக்கம் வீங்கி, சுண்ணாம்பு ஏறி, எலும்புக்கு இடம் விடும். தொடை எலும்பின் கீழ்த்தட்டு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சேர்க்கிறது. பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன்தான் தட்டை மூடுகிறது, ஆண்பிள்ளைகளுக்கும்கூட. உடல் அந்த ஹார்மோனுக்கு இணங்காத ஓர் ஆண், 28 வயதிலும் உயர்ந்துகொண்டே இருந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1994இல் பதிவு செய்தார்கள்.

மூடும்வரை, மூட்டைப் பிடித்திருக்கும் நார்களைவிட இந்தத் தட்டு வலுக்குறைந்தது. பெரியவருக்குச் சுளுக்கோடு போகிற அடியில் பிள்ளைக்குத் தட்டு பிளந்துவிடலாம். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். அதனால் தட்டு மட்டும் பிளந்திருந்தால் படம் சரியாகவே இருக்கக்கூடும். எலும்பின் முனையை விரலால் தொட்டாலே பிள்ளை துடித்தால் அந்த வலியை நம்ப வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவதை நிறுத்துங்கள். தட்டின் ஒரு மூலை சேதமாகி அங்கே எலும்பு மூடிக்கொண்டால், மற்ற பக்கம் வளர வளரக் கால் கோணும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இடுப்பு. 10 வயதுக்கு மேல், பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் பந்து போன்ற தலை தட்டிலிருந்து நழுவுவதுண்டு. பிள்ளையோ முட்டி வலிக்கிறது என்று சொல்லும். முட்டியை மட்டும் படமெடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால், நழுவல் கூடிக்கொண்டே போகும். இந்த வயதில் நொண்டலோடு முட்டி வலி வந்தால் இடுப்பையும் படமெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நழுவியது தெரிந்தால் அந்தக் காலை ஊன்றவே விடக்கூடாது. திருகாணி போட்டு அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

நிற்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பது 3, 4 வயதில் இயல்பு. பெரும்பாலும் 7 வயதுக்குள் தானாகவே நேராகும். அப்படி ஆகாமல் கோணல் மிகுந்தவர்களுக்குச் செய்யும் வைத்தியம் அழகானது. தட்டின் ஒரு பக்கம் சிறு உலோகப் பட்டையை இரண்டு திருகாணிகளால் பொருத்துவார்கள். அந்தப் பக்கம் வளர்ச்சி அடங்கும். மறுபக்கம் வளர்ந்து, மாதக்கணக்கில், காலை நேராக்கும். நேரானதும் பட்டையைக் கழற்றிவிடலாம். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதுதான் இது நடக்கும். தட்டு மூடியபின் வந்தால் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.