பழைய கற்கோயிலுக்கு சிமெண்ட் ஏன் ஆகாது? கடுக்காய், வெல்லம் சேர்ப்பது எதற்கு?

கோயில் திருப்பணி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிமெண்ட் மூட்டைதான். சீக்கிரம் இறுகும், வேலையும் முடிஞ்சிடும். ஆனா சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

பழைய சுவருக்குள் இறங்கும் மழை ஈரம், கல் இடுக்கிலுள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஆவியாக வெளியேறும். அந்த இடுக்கை சிமெண்டால் அடைச்சா ஈரம் உள்ளேயே தங்கிடும். சிமெண்டிலுள்ள உப்பும் அதோடு கல்லுக்குள் போய், காயும்போது படிகமாகி, மேல்பரப்பை செதில் செதிலாக உரிக்கும். கல்வெட்டு இருந்தா எழுத்தும் சேர்ந்தே போகும். பிறகு சிமெண்டைப் பெயர்க்கப் போனா, கல் விளிம்பும் உடைஞ்சு வரும்.

அதனால்தான் பழைய முறை: நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் நாட்கணக்கில் ஊறிய தண்ணீர். (வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்!) இவை சாந்தைப் பூச இளக்கமாக்கி, பிடிப்பையும் கூட்டும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து, மறுபடி கல்லாக இறுகும். அதுக்கு மாசக்கணக்கில் ஆகும்.

கும்பாபிஷேகத் தேதியைக் குறிச்சிட்டு வேலையைத் தொடங்கினா இதுக்கு ஏது நேரம்? ஆனா பொறுமையா செஞ்ச இடமும் இருக்கு. பாரம்பரிய முறையில் புதுப்பித்ததற்காக ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயில் 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது.