கேட்காதவளுக்கும் ஆள் வேண்டும்

ஸ்பின்னிங்கில் சைடு, அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கம், பார்க்கும் பெண் ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருப்பாள். அறுந்த நூலை ஒட்டி நிமிர்வதற்குள் நாலு கதிர் தள்ளி இன்னொன்று அறும். காற்றில் ஈரம் குறைந்தாலும் பஞ்சின் தரம் மாறினாலும் அறுப்பு கூடும். அது அவள் கையில் இல்லை. ஏச்சு மட்டும் அவளுக்கு.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் தொட்டு நூற்புதான் அந்த ஊரில் பலருக்குச் சோறு. அங்கே வேறொரு மில்லில் நலன் அதிகாரியாக இருந்தேன். 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் அப்படி ஒருவர் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம்.

“அவ பயந்த சுபாவம் மேடம், மில்லுக்கு லாயக்கில்ல.” மேஸ்திரிகளிடம் நான் அதிகம் கேட்டது இதுதான். சுபாவம் உண்மைதான். முழு நைட் ஷிப்டு முடிந்து வந்து ஒருத்தி படுத்ததும் தூங்கிவிடுவாள். இன்னொருத்தி சூப்பர்வைசர் சொன்ன ஒரு சொல்லையே நினைத்துப் புரண்டுகொண்டிருப்பாள். அதற்காக, சுபாவத்தின் மேல் பழியைப் போட்டு விஷயத்தை முடிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

வேலைப் பளு கூடி, அதை எப்படிச் செய்வதென்று தீர்மானிக்கும் உரிமை குறையும் இடத்தில்தான் மனம் நொடிகிறது என்று 1979-ல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் எழுதினார். 1988-ல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் அதோடு மூன்றாவதைச் சேர்த்தார்கள்: கூட நிற்க ஆளில்லாமை.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியில் கிண்டுகிறவர் முகம் வாடினால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். “தள்ளுண்ணே, நான் கிண்டுறேன்” என்று துடுப்பை வாங்கிக்கொள்வார். மில் இரைச்சலில் அடுத்த சைடுக்காரியோடு கைச்சாடைதான். அங்கே உதவியைக் கேட்டு வாங்கவேண்டும். அதனால் வாயுள்ளவளுக்கு மாற்று ஆளும் லீவும் கிடைக்கும். கூச்சக்காரிக்கு எதுவும் வராது. புகார்ப் பெட்டியும் அவளுக்கு உதவாது, எழுதிப் போடுவதும் கேட்பதுதானே.

எங்கள் மில்லில் ஒரு ஷிப்டில் முறையை மாற்றினோம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாற்று ஆள் வரிசையாக எல்லா சைடுக்கும் போகவேண்டும். அறுப்பு கூடினால் சூப்பர்வைசர் முதலில் ஈரத்தையும் பஞ்சையும் பார்க்கவேண்டும். பெண்ணிடம் கேட்பது அப்புறம். லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட ஒருத்தியிடம் சில மாதம் கழித்து விசாரித்தேன். “தண்ணி குடிக்கப் போறேன்னு சொல்லவே வேண்டாம் மேடம், அக்கா தானா வந்து நிப்பாங்க” என்றாள். பேச்சு அவளுக்கு அப்போதும் குறைவுதான். ஆனால் வேலையில் நிலைத்துவிட்டாள்.

முழு நைட்டுக்கு இப்படிக் கூடுதல் ஆள் போடத்தான் நிர்வாகங்கள் தயங்குகின்றன. ஒரு கூலி ஏறுமே என்று. நலன் பற்றிப் பேச எந்த மில் கூப்பிட்டாலும், முதலில் அந்த ஒரு கூலியைத்தான் கேட்கிறேன்.