நீரிழிவு வியாதியும் கிராமவாசிகள் செய்யவேண்டுவனவும்

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஒரகடத்தைச் சூழ்ந்த கிராமங்கள் முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைத்து வந்தவை. சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டு, 2010-ம் வருஷத்தில் ரெனோ-நிஸான் மோட்டார்த் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. விளைநிலங்களிற் பல தொழிற்சாலைகளாயின. எஞ்சிய நிலங்களிலும் உழவும் அறுப்பும் பெரும்பாலும் இயந்திரத்தால் நடைபெறுகின்றன. தேக உழைப்பு இவ்வாறு குறைந்தும், உண்ணும் சோற்றின் அளவு குறைந்தபாடில்லை. இம்மாறுதலோடு வருவதே நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, தேசத்தில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு இவ்வியாதி உண்டு. ஆகையால் இதனைப் பட்டணத்துச் செல்வரின் வியாதியென்று எண்ணியிருப்பது தவறாகும்.

வியாதியின் தன்மை

உண்ட ஆகாரம் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. அச்சர்க்கரை தசைகளுக்குட் செல்லும்படி வழிதிறப்பது கணையத்தில் ஊறும் இன்ஸுலின் என்னும் பொருள். வாய்க்காலில் நீர் நிறைந்தோடினும் மடை திறவாவிடிற் பயிர் வாடும். தேங்கிய நீரோ கரையை அரிக்கும். அவ்வாறே இன்ஸுலின் குறைந்தாலும், சரிவர வேலை செய்யாவிட்டாலும், தேகம் சோர்வடையும். இரத்தத்தில் தேங்கிய சர்க்கரை கண், சிறுநீரகம், இருதயம், நரம்பு ஆகியவற்றைக் கெடுக்கும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இளைத்தல், ஆறாத புண் ஆகியவை இதன் குறிகள். ஆயினும் பலருக்குப் பல வருஷங்கள் வரை யாதொரு குறியும் தோன்றாது. இதுவே இவ்வியாதியின் பெருங் கேடு.

குடியானவருக்குரிய அபாயம்

நரம்பு கெட்ட பாதத்தில் உணர்ச்சி குன்றும். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் முள்ளோ கிளிஞ்சலோ குத்தியதை உணரார். சேற்றில் அப்புண் அழுகினால், விரலையோ காலையோ எடுக்கவும் நேரிடும். ஆதலின் இவ்வியாதியஸ்தர்கள் காலணியின்றி நடத்தலாகாது. தினமும் இரவில் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பாதத்தின் அடியையும் பார்த்தல் வேண்டும். மாத்திரையோ இன்ஸுலினோ உட்கொள்வோர் வெறும் வயிற்றுடன் கழனி வேலைக்குச் செல்லலாகாது. நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் தோன்றினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ உண்ணவேண்டும்.

பரிசோதனை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு பரிசோதனையிலும் அவ்வாறே காணின், வியாதி உண்டென்று கொள்ளலாம். 30 வயது கடந்தோர் யாவரும், விசேஷமாகப் பெற்றோருக்கு இவ்வியாதி உள்ளவர்களும் இடை பருத்தவர்களும், வருஷம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நலம்.

சூணாம்பேட்டு அநுபவம்

வைத்திய வசதி குறைந்த கிராமங்களிலும் இவ்வியாதியை அடக்கலாம் என்பதற்கு அக்காலத்தில் இதே ஜில்லாவைச் சேர்ந்திருந்த சூணாம்பேடு சான்றாகும். மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 42 கிராமங்களுக்குப் பரிசோதனைக் கருவிகளுடன் ஒரு மோட்டார் வண்டியை அனுப்பி, 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். வண்டியில் எடுத்த கண் படங்கள் செயற்கைக்கோள் மூலம் சென்னை வைத்தியர்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரு வருஷத்தில் வியாதியஸ்தர்களின் ஏ1சி அளவு சராசரி 9.3-லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்லாமல், வைத்தியம் கிராமத்தை நாடி வந்தமையே இதற்குக் காரணம்.

தடுக்கும் வழி

வியாதியின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. ஆலோசனை பெறாதவருள் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள்ளாயினர். ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்டவருள் 39 பேரே உள்ளாயினர். ஆகவே தினமும் அரைமணி நேரமாவது விரைந்து நடத்தல் வேண்டும். சோற்றைக் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பு, கீரை, காய்கறிகளால் நிரப்புதல் வேண்டும். கேழ்வரகும் தினையும் நல்லனவே. எனினும் அளவின்றி உண்டால் அவையும் சர்க்கரையை ஏற்றும். கொல்லையில் அவரை, புடல், முருங்கை பயிரிடுவோருக்குச் செலவும் அதிகமாகாது. சர்க்கரை இறங்கிவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதல் பெருந்தவறு.

கிராம அதிகாரிகளின் கடமை

இப்பகுதி நிலச்சொந்தக்காரர்கள் பலர் தொழிற்சாலைக் கூலியாட்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுள்ளனர். வெளி மாகாணங்களிலிருந்து வந்த அவர்களுக்கு இவ்வூரின் ஆஸ்பத்திரியும் தெரியாது, பாஷையும் தெரியாது. கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சித் தலைவரும் கிராமசபை கூடும் நாட்களில் சுகாதார நிலையத்தாரை வரவழைத்து, ஊராருடன் அவர்களையும் பரிசோதனை செய்விக்கலாம். வேலைக்குப் போகும் நேரத்துக்கு முன் காலை ஆறு மணிக்கே தொடங்கினால், எவரும் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டுவதில்லை.