கொழுத்த நாய்க்கு எவ்வளவு சோறு?

உப்புவெளிக் கடற்கரையோரம் தனியே வாழும் ஓர் அம்மாவின் வீட்டு நாய் டைகர். இரவில் அவருக்கு இருக்கும் ஒரே காவல் அதுதான். சென்ற ஆண்டு அதற்கு எழுந்து வாசலுக்கு வருவதே பெரும் பாடாகிவிட்டது. “உணவைக் குறையுங்கள் அம்மா” என்றேன். “தொண்ணூறில முகாமுக்குள்ள பட்டினி கிடந்தனான் சுவாமி. வாயில்லாச் சீவனைப் பட்டினி போட என்னால ஏலாது” என்றார். அவருக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. ஆயினும் பட்டினி போடுவது வேறு, அளந்து கொடுப்பது வேறு. அந்த அளவைக் காணும் வழியையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

தெருவில் எலும்பும் தோலுமாய் நாய்கள் திரிகையில் கொழுத்த நாயைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் கேட்கலாம். ஆனால் கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு முன்னரைவிடக் குறைந்த சக்தியே போதும். நாமோ பழைய அளவிலேயே சோறு வைக்கிறோம். நாய் பெரும்பாலும் இளைத்தே தன் உடற் சூட்டைத் தணிக்கிறது. கொழுப்பு அதற்குத் தடை. திருகோணமலை வெயிலில் இது சிறிய விடயமன்று. மூட்டுகளும் தேய்கின்றன. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கால் பங்கு குறைவாக உண்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

நாய் கொழுத்ததா என்பதை அறிய உங்கள் கையே போதும். கையை விரித்துப் புறங்கை விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் நல்ல உடல். பொத்திய கையின் மொளிகள் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் போல எலும்பு ஆழத்தில் மறைந்திருந்தால் கொழுப்பு.

அடுத்து நிறை. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தனியே ஏறி, வந்த நிறையைக் கழிக்க வேண்டும். டைகரை நான்தான் தூக்கினேன். டைகர் 24 கிலோ. என் நிறையை இங்கு எழுதுவதாக இல்லை. அதன் உடலமைப்பைப் பார்த்த மிருக வைத்தியர் 18 கிலோ இருக்கலாம் என்றார். சுரப்பிக் கோளாறாலும் நாய் கொழுக்கக்கூடும். ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

கணக்குக்கு வருவோம். மக்ஸ் கிளைபர் என்ற அறிஞர் 1932இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். உயிரினம் பெருக்கும்போது அதன் சக்தித் தேவை அதே வீதத்தில் பெருகுவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகுகிறது. ஆகவே “கிலோவுக்கு இவ்வளவு” என்ற நேர்க்கணக்கு பிழைத்துவிடும். கடையில் வாங்கும் சாதாரண கணிப்பானே போதும். நாய் இருக்க வேண்டிய நிறையை மூன்று முறை வைத்துப் பெருக்குங்கள்: 18 × 18 × 18 = 5832. வர்க்கமூலப் பொத்தானை இரு தடவை அழுத்துங்கள்: 8.74. அதை 70ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 612. மெலிய வேண்டிய நாய்க்கு நாளொன்றுக்கு இத்தனை கலோரி கொடுத்துத் தொடங்கலாம். இன்றைய நிறையை வைத்தல்ல, இருக்க வேண்டிய நிறையை வைத்தே கணக்கிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

டைகர் உண்டு வந்தது என்ன? காலையில் கால் றாத்தல் பாண், 300 கலோரி. பகல் 400 கிராம் சோறு, 520. மேலே ஊற்றிய தேங்காய்ப்பால் குழம்பு, குறைந்தது 150. இரவு மீதிச் சோறு, 260. பின்னேரம் நாலு மாரி பிஸ்கட், 100. மொத்தம் 1330! கணக்கைக் கண்டு அம்மாவே திகைத்துப்போனார்.

புதிய உணவு இது: சோறு 200 கிராம் (260), கொழுப்புக் குறைந்த அவித்த மீன், முள் நீக்கி 200 கிராம் (220), ஒரு முட்டை (75), அவித்த பூசணியும் பயிற்றங்காயும் 200 கிராம் (50). ஏறத்தாழ 605. சாளை போன்ற கொழுப்பு மீனானால் அளவைக் குறைக்க வேண்டும். தட்டு நிறைந்தே இருக்கும்; பூசணி வயிற்றையும் நிரப்பும். மச்சத்தை வெட்டிச் சோற்றை மட்டும் வைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். வெங்காயம் சேர்ந்த கறி நாய்க்கு நஞ்சு. மாதக்கணக்கில் வீட்டு உணவு மட்டுமே கொடுப்பதானால் கல்சியம் முதலியவற்றை வைத்தியரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வாரத்துக்கு உடல் நிறையில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை குறைந்தால் நன்று. டைகருக்கு அது முதலில் 240 முதல் 480 கிராம். அதற்கு மேல் குறைந்தால் சற்றுக் கூட்டுங்கள்; குறையாவிட்டால் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். ஆனால் கழிக்குமுன் ஒன்றை விசாரிக்க வேண்டும். நான்காம் வாரம் டைகரின் நிறை அசையவில்லை. அம்மாவை ஐயுற்றேன், அது என் தவறு. நாய் தினமும் பின்னேரம் விருந்தினர் விடுதி ஒன்றின் குசினிப் பின்புறம் போய் வந்திருக்கிறது! அதன்பின் அந்நேரத்தில் கட்டி வைத்தார். வெயில் ஏறுமுன் கரையோரம் நடக்கவும் கூட்டிப்போனார்.

ஒன்பதாம் வாரம் தராசு 22 கிலோ காட்டியது. இன்னும் 4 கிலோ உண்டு, மூன்று நான்கு மாத வேலை. 18 கிலோவை எட்டியதும் 612ஐ 1.6ஆல் பெருக்கி, ஏறத்தாழ 980 கலோரிவரை படிப்படியாகக் கூட்டலாம். அம்மா கடைத் தராசில் 200 கிராம் சோற்றை நிறுத்து, பிளாஸ்டிக் கோப்பையொன்றில் கொட்டி, அது நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார். பிஸ்கட் கொண்டுவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தக் கோட்டைக் காட்டித்தான் திருப்பி அனுப்புகிறார்.