மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினை இசைவித்தல்

வீணை வாசிப்போர் முதற்கண் சுருதி கூட்டுவர். எஞ்சினுக்கும் அத்தகைய இசைவு வேண்டும். திருத்துநர் ‘ரியூன் பண்ணுதல்’ என வழங்கும் அச்செயல், காற்றும் எரிபொருளும் கலக்கும் அளவையும் தீப்பொறி தோன்றும் கணத்தையும் எஞ்சினின் தேவைக்கேற்ப அமைத்தலாகும். அதற்குரிய முறைகள் பல. அவற்றுள் எதனைத் தெரிதல் தக்கது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிதற்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிக்க வலுவைப் பெறுதற்கு 12.5 முதல் 13 பங்கு வரை உகந்தது. கலவை அளவுக்கு மேற் செறிவுற்றால் எரிபொருள் வீணாகும். செருகியிற் கரி படியும். மாறாக, ஐதான கலவையுடன் எஞ்சின் பெருஞ்சுமையில் ஓடினால் வெப்பம் மிகுந்து வால்வுகள் கெடும். முசலத்தின் தலை உருகித் துளைபடுதலும் உண்டு. ஆதலின் இசைவித்தல் விளையாட்டன்று.

காபுரேற்றர் உள்ள எஞ்சினில் இவ்வேலை கையாலும் கண்ணாலும் நடைபெறுவது. திறொட்டில் சிறிதே திறந்தவிடத்துச் சிறு ஜெட்டும், நடுநிலையில் ஊசியும், முழுதும் திறந்தவிடத்துப் பெரிய ஜெட்டும் கலவையை ஆளுகின்றன. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, ஓட்டிப் பார்த்து, செருகியின் நிறத்தை நோக்குவர். வெண்மை ஐதான கலவையையும் கருமை செறிந்த கலவையையும் காட்டும். ஈயமற்ற பெற்றோலில் இக்குறி முன்போல் தெளிவாகத் தோன்றுவதில்லை.

1980இல் கவசாக்கி நிறுவனம் தன் இசட் 1000 எச் 1 வண்டியில் மின்னணு எரிபொருட் பீச்சலைப் பொருத்தியது. இந்தியாவில் 2020 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாசு விதியால் சிறு வண்டிகளிலும் அது பரவிற்று. இவற்றில், எவ்வேகத்தில் எவ்வளவு எரிபொருள் என்பது கட்டுப்பாட்டுக் கருவியில் அட்டவணையாகப் பதிந்துள்ளது. அதனை மாற்றும் வழிகள் மூன்று.

முதலாவது, ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டவணையைப் பதித்தல். இதற்குச் செலவு குறைவு. எனினும் அவ்வட்டவணை வேறொரு வண்டியில் அமைக்கப்பட்டதாதலின், உறுப்புக்கள் ஒத்திருந்தாலன்றிப் பயன் தராது.

இரண்டாவது, அகன்ற எல்லையுடைய ஒட்சிசன் உணரியைப் புகைக்குழாயிற் பொருத்தி, ஓடும்போதே கலவையைத் திருத்துதல். வண்டியுடன் வரும் குறுகிய எல்லையுடைய உணரி, கலவை 14.7க்கு எப்பக்கம் உள்ளது என்பதை மட்டுமே நன்கு கூறும். அகன்ற எல்லையுடையதோ அளவையே கூறும். ஆனால் புகைக்குழாயிற் கசிவு இருப்பின் அதுவும் ஏமாறும். தீப்பொறிக் காலத்தையும் அது திருத்தாது.

மூன்றாவது, பின்சில்லை வலுமானியின் உருளைமீது ஏற்றி, சுமை கொடுத்து அளத்தல். கலவை, தீப்பொறி இரண்டையும் இதன்கண் திருத்தலாம். செலவு மிகுதி; செய்வோரின் திறமையைப் பொறுத்தே பயன் அமையும்.

இனித் தெரிவு எளிதாகும். உறுப்பு எதனையும் மாற்றாதவர்க்கு அட்டவணை மாற்றம் வேண்டியதில்லை. வலுக் குறைந்ததாகத் தோன்றின் காற்று வடிகட்டி, செருகி, வால்வு இடைவெளி என்பவற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். அங்குள்ள குறையை எவ்வட்டவணையும் தீர்க்காது. சைலன்சரை மட்டும் மாற்றியவர்க்கு, அதற்கென அமைந்த ஆயத்த அட்டவணை போதும். காற்று வடிகட்டியையும் மாற்றியவர் இரண்டாம் முறையை நாடுக. காம் தண்டு, முசலம், அழுத்த விகிதம் என்பன மாறின் வலுமானியே தக்கது. இலங்கையில் 92, 95 ஆகிய ஒக்டேன் அளவுடைய பெற்றோல் விற்கப்படுகின்றது. 95க்கெனத் தீப்பொறியை முற்படுத்திய எஞ்சினுக்கு 92ஐ ஊற்றினால் தட்டலொலி எழுந்து முசலம் பழுதுறலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. புகையைத் தூய்மை செய்யும் ஊக்கி மாற்றி, கலவை 14.7ஐ ஒட்டியிருக்கும்போதே நன்கு தொழிற்படும். ஆதலின் சாதாரண ஓட்டத்தில் அவ்வளவைக் காத்து, முழு வலு வேண்டுமிடத்து மட்டும் செறிவூட்டுதலே அறிவுடைமை. எஞ்சின் நமதாயினும், அது விடும் புகை தெருவில் நடப்போர் அனைவரும் சுவாசிக்கும் காற்றிற் கலப்பதன்றோ!