களப்புப் படகுகளுக்கு யார் பொறுப்பு?

கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் மாண்டனர். பொறுப்பு யாருடையது என்ற வாதமே பின்னர் மிஞ்சியது.

வன்னிக்கும் இத்துயர் புதிதன்று. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழி அடைபட்டிருந்தபோது, கிளாலிக் களப்பை இரவில் படகேறிக் கடந்தோரிற் பலர் கரைசேரவில்லை. அது போர்க்காலம், கிண்ணியாவுக்கு அந்தச் சாட்டும் இல்லை. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரியைக் குடாநாட்டுடன் இணைத்தது. ஆனால், 2018இல் மீளக் குடியேறிய இரணைதீவு மக்களுக்கு இன்றும் படகே வழி.

1979இல் உருவான துறைமுக அதிகாரசபை கொழும்பு, திருகோணமலை போன்ற வணிகத் துறைமுகங்களுக்கு உரியது. இந்தியாவோ 1986இலேயே உள்நாட்டு நீர்வழிகளுக்கெனத் தனி ஆணையம் அமைத்துவிட்டது. படகின் தகுதியையும் ஏற்றும் சுமையையும் உயிர்காப்பு அங்கிகளையும் பரிசோதிக்கும் அத்தகைய அமைப்பொன்றை, வடக்கு கிழக்கின் களப்புகளுக்கும் தீவுகளுக்கும் அரசாங்கம் தாமதமின்றி ஏற்படுத்த வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.